வராத முகம்

பேதி வார்டில் கிடக்கும் குழந்தைகளுக்கெல்லாம் ஒரே முகம். ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்த மதம் என்று அது பார்ப்பதில்லை. கண் இரண்டும் உள்ளே போய், கன்னம் வற்றி, நெற்றி மட்டும் பெரிதாகி, உதடு காய்ந்து, வாய் பாதி திறந்திருக்கும். அழுவார்கள், கண்ணீர் வராது. ஆறு மாதக் குழந்தை அறுபது வயது ஆளைப் போல நம்மைப் பார்க்கும். இரண்டு மூன்று நாள் ட்ரிப்ஸ் ஏறியதும் அந்த முகம் போய்விடும். படுக்கையில் வேறொரு குழந்தை படுத்திருக்கும். நான் அதுவரை பார்த்தே இராத குழந்தை. பக்கத்துப் படுக்கையைத் திரும்பிப் பார்ப்பேன். அந்த முகம் அங்கே வந்திருக்கும்.

டிசம்பரில் குளிரோடு வந்தால், வெயில் ஏறும்வரை அந்த முகம் வார்டை விட்டுப் போகாது. நானும் குளிர்காலம் முழுக்க தினமும் காலையில் அதைப் பார்த்தேன். பார்த்துப் பார்த்து, அதை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் லாரியில் ஏறி, ராய்ச்சூர், கரீம்நகர், நாந்தேடு என்று பூமியைத் துளைத்துக்கொண்டே நான்கு வருடம் திரிந்தேன். தண்ணீர் வந்தால் பூசை போடுவார்கள். வராவிட்டால் எங்களைத் திட்டுவார்கள். இரண்டுக்கும் நிற்காமல் அடுத்த ஊருக்குப் போய்விடுவோம். ஹைதராபாத்தில் ஒரு நாள் லாரி கிளம்பும்போது நான் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகத் தோன்றவில்லை. லாரி போய்விட்டது. இந்த ஊரில் நான் இருப்பதற்கு வேறு காரணம் இல்லை.

மல்லாபூரில் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றினேன். தண்ணீர் டேங்கர் ஓட்டினேன். பிறகு பைக் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டு இந்த வேலைக்குப் போனேன். சின்னக் குழந்தைகளுக்கு வரும் பேதியைப் பற்றி யாரோ ஆய்வு செய்கிறார்கள். அந்தப் பேதியில் எத்தனை, ரோட்டா என்ற கிருமியால் வருகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைகளின் மலத்தைச் சின்னச் சின்ன டப்பாக்களில் எடுத்து, ஐஸ் வைத்த நீலப் பெட்டியில் அடுக்கி, ஊரின் மறுகோடியில் இருக்கும் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். டப்பாவில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எண் வாசிக்கத் தெரிந்தால் போதும் என்றார்கள். எனக்குத் தெரியும்.

அதோடு இன்னொரு வேலையும் உண்டு. குழந்தை வீட்டுக்குப் போன பதினான்காம் நாள் நான் அந்த வீட்டுக்கே போய், இன்னொரு டப்பா வாங்கி வர வேண்டும். டப்பாவின் மேல் தேதியை நானே எழுத வேண்டும்.

வார்டில் ஒரு நர்ஸ் இருந்தாள், தெலுங்குக்காரி. முதல் மாதமே ரோட்டாவை வாசனையில் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். டயப்பரைப் பிரித்துவிட்டு, "வாசன சூடு, அன்னா" என்றாள். வாசனையைப் பார். பார்த்தேன். வழக்கமான நாற்றம் இல்லை. புளித்த பாலும் ஈர இரும்பும் சேர்ந்தது போல ஒரு வாசனை. "இது அது" என்றாள். லேபில் இருந்து முடிவு வந்தபோது அவள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் அந்த மோப்பம் எனக்கே வந்துவிட்டது. முன்பின் தெரியாத கட்டடத்தின் மாடிப்படியில் ஏறும்போதே, இந்த மாடியில் இருக்கிறது, இந்த மாடியில் இல்லை என்று சொல்லிவிடுவேன். அது ஒரு நல்ல திறமை அல்ல. கல்யாண வீட்டு வாசலில்கூட ஒரு முறை அந்த வாசனை வந்தது. பந்தியில் உட்காராமல் திரும்பினேன்.

வீடுகளுக்குப் போவது பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள். ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். குழந்தை இருக்கும் வீடு அந்த நேரத்தில் எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும். அதனால் சத்தம் இல்லாத வீடுகளும் எனக்குத் தெரியும்.

மல்லாபூரில் தொழிலாளிகள் குடியிருக்கும் ஒரு வரிசை வீடு. கதவைத் தட்டினேன். ஒரு பெண் திறந்தாள். எண்ணைச் சொன்னேன், காலி டப்பாவை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. உள்ளே போய், ஏற்கெனவே நிரப்பி மூடி வைத்திருந்த ஒரு டப்பாவைத் துணியில் சுற்றி எடுத்து வந்து என் கையில் வைத்தாள். ஐஸ் பெட்டியில் இருந்ததைவிட அது குளிர்ந்திருந்த மாதிரி இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டாள். தெருமுனைக்கு வந்து பைக்கை எடுக்கும்போது பக்கத்து வீட்டு ஆள் வந்து கேட்டார், அந்தக் குழந்தைதான் போன வாரமே போய்விட்டதே, நீ எதற்கு வந்தாய் என்று.

பதினான்காம் நாள் ஒருவர் வருவார், எடுத்து வையுங்கள் என்று வார்டில் அவளிடம் சொல்லி, டப்பாவும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் குழந்தைக்கு மறுபடியும் பேதி வந்திருக்கிறது. அப்போதே அவள் எடுத்து வைத்துவிட்டாள். பிறகு குழந்தை போய்விட்டது. ஆனால் ஆள் வருவார் என்று சொன்னார்களே. வந்தேன், கொடுத்தாள். அவ்வளவுதான்.

தேதி எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமலே லேபில் கொடுத்தேன். அவர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

நான் குடியிருந்தது குகட்பள்ளியில், ஹவுசிங் போர்டு காலனியில், மூன்று மாடி வீடு ஒன்றின் மொட்டைமாடி அறை. கீழ்வீட்டில் இருந்த அம்மா நீலப் பெட்டியோடு என்னைப் பார்த்தால் பேரப்பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வாள். "டப்பாவாலே பாய், நக்கோ! இதர் நக்கோ!" இந்தப் பக்கம் வேண்டாம் என்று அர்த்தம். பெட்டியை நான் ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டு வர ஆரம்பித்தேன். அதற்குப் பிறகும் அவள் உள்ளே இழுத்துக்கொண்டாள். பெட்டி இல்லாமலே என்மேல் பெட்டி இருந்தது போல.

இரண்டாவது மாடியில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. புருஷன் பாலாநகரில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். மனைவி வீட்டிலிருந்தே ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வேலை பார்த்தாள்; காதில் மாட்டிய ஹெட்போனோடுதான் தோசை சுடுவாள். எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள்.

"டாக்டர் அண்ணாச்சி வந்தாச்சு" என்பான் அவன். "டப்பால இந்த வாரம் எத்தன உருப்படி?"

"சோறு திங்கிற எடத்துல கேக்குற கேள்வியா இது?" என்பாள் அவள். "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணாச்சி. இவுகளுக்கு வேற வேல இல்ல."

"முப்பத்தொன்னுங்க" என்பேன் நான்.

"ஐயய்ய!" என்று அவள் மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள். அவன் சிரிப்பான்.

குழந்தை என்னிடம் தவழ்ந்து வரும். அதற்கு வேண்டியது நான் அல்ல, என் பைக் சாவி. பிடுங்கி வாயில் வைத்துக்கொள்ளும். பல் முளைக்கிற நேரம். நான் கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவுவேன், முழங்கைவரை. நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். சாவியைக் கழுவ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ரோட்டாவுக்குச் சொட்டு மருந்து உண்டு, மூன்று தவணை. இந்தக் குழந்தைக்கு இரண்டு போட்டிருந்தார்கள். மூன்றாவதின்போது ஊருக்குப் போயிருந்தார்கள். வந்து போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். வந்தார்கள், மறந்துவிட்டார்கள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மாடியிலிருந்து இறங்கி வந்தேன். மொட்டைமாடியில் இல்லை. மூன்றாவது மாடியில் இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் வைத்ததும் அந்த வாசனை வந்தது. முதலில் என் சட்டையை முகர்ந்து பார்த்தேன். அப்புறம் அவர்கள் கதவைப் பார்த்தேன். நான் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் உள்ள வாங்களேன்" என்றாள். தோளில் குழந்தை. "விடியக்காலத்துல இருந்து வாந்தி. இப்ப வயித்தால வேற போகுது. தண்ணியாட்டம் போகுது."

"அதேதானுங் அம்மிணி" என்றேன்.

"எது?"

"வார்டுல நான் தெனம் பாக்கறதுதான். இந்தக் குளிருக்கு வரும். பயப்படாதீங்க. போகப் போகத் தண்ணி குடுத்துட்டே இருந்தாச் சரியாயிரும்."

அவள் புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவமா அண்ணாச்சி? லீவு சொல்லிருதேன்."

நான் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். கண் உள்ளே போகவில்லை. கன்னம் அப்படியே இருந்தது. உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தேன், பள்ளம் விழவில்லை. "அந்த மொகம் இன்னும் வரலீங்க" என்றேன். "வந்தாச் சொல்றேன். நான்தான் இருக்கேனே."

என் பையில் உப்புச் சர்க்கரைப் பொடி பாக்கெட்டுகள் நான்கு இருந்தன, ஓ.ஆர்.எஸ். மல்லாபூரில் வீடு வீடாகப் போகும் சுகாதார ஊழியர் ஒருவர், யாருக்காவது கொடு என்று என்னிடம் கொடுத்தவை. ஒன்றை எடுத்துக் கிழித்தேன். அடுப்படியில் இருந்த எவர்சில்வர் டம்ளரில் ஆறிய வெந்நீர் ஊற்றி, முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்கினேன்.

இங்கே நடந்ததைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வார்டில் நர்ஸ்கள் கலக்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஒரு பாக்கெட், ஒரு டம்ளர். ஆனால் வார்டில் வைத்திருந்தது சின்னப் பாக்கெட். என் கையில் இருந்தது பெரிய பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. ஐந்து டம்ளருக்கு உள்ளதை ஒரு டம்ளரில் போட்டேன். கையில் கனம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பாக்கெட் என்றால் பாக்கெட் என்று இருந்துவிட்டேன்.

அவள் ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"உப்புக் கரிக்கே அண்ணாச்சி."

"மருந்துன்னா அப்படித்தானுங்" என்றேன்.

மீதி மூன்று பாக்கெட்டுகளையும் மேசையில் வைத்து, இதே மாதிரி கலக்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு வார்டில் பதினோரு டப்பா.

சாயங்காலம் வந்து கேட்டேன். குழந்தை நன்றாகக் குடிக்கிறது என்றாள். வாந்தியும் குறைந்துவிட்டது. "டம்ளரைக் கண்டா பாய்ஞ்சு வாரா. கையில இருந்து பிடுங்குதா. இப்படிக் குடிக்கிற பிள்ளைய நான் பாத்ததே இல்ல." நல்ல அறிகுறிங்க என்றேன். மனதார அப்படித்தான் நினைத்தேன். குடிக்கக் குடிக்க அதற்குத் தாகம் ஏறிக்கொண்டிருந்தது. தாகம் ஏற ஏற அது குடித்தது. நாங்கள் மூன்று பெரியவர்கள் சுற்றி நின்று அதைப் பார்த்து மகிழ்ந்தோம்.

புதன்கிழமை காலையில் பேதி நிற்கவில்லை. நான் மறுபடியும் முகத்தைப் பார்த்தேன். இல்லை. கன்னம் உப்பியே இருந்தது. கண் பளபளவென்று இருந்தது. அவ்வளவு பளபளப்பை அந்தக் கண்ணில் நான் முன்பு பார்த்ததில்லை.

"என்ன அண்ணாச்சி?" என்றான் அவன், வாசலில் ஹெல்மெட்டோடு.

"வரலீங்க" என்றேன்.

"அப்ப சரி" என்று வண்டியை எடுத்தான்.

அன்று மத்தியானம் அவள் எனக்கு போன் செய்தாள். லேபில் இறக்கிவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். பேதி குறைந்திருக்கிறது, ஆனால் பிள்ளை ஒரு மாதிரி இருக்கிறது, வந்து பாருங்கள் என்றாள். என்ன மாதிரி என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்றரை மணிக்குப் போனேன். ஜன்னலில் நல்ல வெயில். குழந்தை பாயில் மல்லாந்து கிடந்தது. தூங்கவில்லை, காலையிலிருந்து கண்ணே மூடவில்லையாம். அறையின் மேல்மூலையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை, ஒட்டடைகூட இல்லை. நான் குனிந்ததும் அழுதது. அது அழுகை இல்லை. தகரத்தை ஆணியால் கீறினால் வருவது போல ஒற்றைச் சத்தம், ஒரே உயரத்தில். திடீரென்று நின்றுவிடும். மறுபடி ஆரம்பிக்கும். அவள் தெரியாமல் ஸ்பூனை டம்ளரில் தட்டிவிட்டாள். அந்தச் சின்னச் சத்தத்துக்குக் குழந்தையின் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது.

வயிற்றைத் தொட்டேன். பிசைந்து வைத்த மைதா மாவைத் தொட்டது போல இருந்தது. என் விரல் பட்ட இடம் அப்படியே விரலாக நின்று மெதுவாக மறைந்தது.

"மொகம் வரலையே" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, இவ அழும்போது கண்ணீரே வரல பாத்தியளா?" என்றாள் அவள்.

அப்போது குழந்தையின் வலது கை எழுந்தது. ஒரே சீராக மடங்கி விரிந்து, மடங்கி விரிந்து, மேல்மூலையில் இருந்த யாரையோ வா வா என்று கூப்பிடுவது போல. முகம் அதில் கலந்துகொள்ளவே இல்லை. அந்தக் கைதான் கூப்பிட்டது.

ஆட்டோவில் போனோம். அவள் புருஷனை நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டேன். நான் தினமும் பின்வாசலில் போகும் வார்டுக்கு அன்று முன்வாசலில் போனேன்.

டாக்டரம்மா வலிப்புக்கு ஊசி போட்டு முதலில் அந்தக் கையை நிறுத்தினார். பிறகு நிமிர்ந்தார். இரண்டு வருடமாக என்னை அவர் பெட்டிக்காரனாகத்தான் பார்த்திருக்கிறார். அன்று என்னைக் கவனிக்கவே இல்லை. தெலுங்கில் தாயிடம் கேட்டார்.

"என்ன குடுத்தீங்க?"

"ஓ.ஆர்.எஸ். மேடம்."

"எவ்வளவு தண்ணியில?"

"பாக்கெட்ல போட்டிருக்கிறபடி."

டாக்டரம்மா குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். மறுபடியும் கேட்டார். "நல்லா யோசிச்சு சொல்லும்மா. ரத்தம் எடுத்திருக்கேன், முடிவு வர நேரமாகும். அதுக்கு முன்னால ட்ரிப்ஸ் போடணும். தண்ணி மட்டும் வத்தியிருந்தா வேகமா ஏத்தலாம். உடம்புல உப்பு ஏறியிருந்தா முகம் வத்தாது, வெளிய தெரியாது; அப்ப அப்படி ஏத்தக் கூடாது. ஏத்தினா மூளை வீங்கிரும். எவ்வளவு தண்ணி?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவன் ஹெல்மெட்டோடு ஓடி வந்து நின்றான்.

நான் பக்கத்துப் படுக்கைகளைப் பார்த்தேன். வழக்கமான முகங்கள். நடுவில் இந்தக் குழந்தை மட்டும் தன் சொந்த முகத்தோடு கொழுகொழுவென்று கிடந்தது. பக்கத்துப் படுக்கைத் தாய் ஒருத்தி அதைப் பார்த்து ஏக்கப்பட்டாள் என்றே நினைக்கிறேன். நர்ஸ் சலைன் பாட்டிலைக் கம்பியில் மாட்டிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ட்ரேயில் அன்றைக்குப் பயன்படுத்திய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் கிழிந்து கிடந்தன. பார்த்தேன். சின்னவை. என் சட்டைப் பையில் நேற்று கிழித்த பாக்கெட்டின் உறை இன்னும் இருந்தது. எடுத்து ட்ரேயில் அவற்றின் பக்கத்தில் வைத்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வாய் திறக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. சலைன் ஒரு சொட்டு இறங்கியது. இரண்டு இறங்கியது.

"நான்தானுங்க கலக்கினேன்" என்றேன். "இந்தப் பாக்கெட். ஒரு டம்ளர் தண்ணியில. அப்படியே குடுங்கன்னு நான்தான் சொன்னேன். நாலு பாக்கெட்."

டாக்டரம்மா உறையை எடுத்துப் பார்த்தார். நர்ஸைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். நர்ஸ் குழாயின் உருளையை இறுக்கினாள். சொட்டு நின்றது. அந்தப் பாட்டிலை இறக்கிவிட்டு வேறு பாட்டில் மாட்டினார்கள். அது மிக மெதுவாகச் சொட்டியது.

"இரண்டு நாள் ஆகும்" என்றார் டாக்டரம்மா. "அவசரப்பட முடியாது. இப்பச் சொன்னது நல்லது." பிறகு என்னைப் பார்த்தார். "நீ பெட்டி எடுக்கிற ஆள்தானே?"

"ஆமாங்க."

அவர் அடுத்த படுக்கைக்குப் போனார்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு லிட்டர்னு அதுல போட்டிருந்தத நான் பாத்தேன். நாள் பூரா சேத்து ஒரு லிட்டர் குடுக்கணும் போலன்னு நெனச்சேன். உப்புக் கரிக்கின்னு அன்னிக்கே சொன்னேன்லா. சொன்னேன்லா அண்ணாச்சி."

"சொன்னீங்க."

அவன் ஹெல்மெட்டைக் கீழே வைத்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். "டாக்டர் அண்ணாச்சி" என்றான், ஞாயிற்றுக்கிழமை சொல்லும் அதே குரலில். "இனிமே டப்பாவ மட்டும் தூக்குங்க."

அந்த இரண்டு நாளும் நான் வார்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை, வேலையே அங்கேதான். வியாழக்கிழமை காலை நர்ஸ் ஏழு டப்பா கொடுத்தாள். ஏழாவதைக் கொடுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. எண் மட்டும்தான் இருந்தது. ஆனால் அன்று பெட்டிக்குள் இருந்த எண்களில் ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். பைக்கில் போகும்போது பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. சிக்னலில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

லேப் முடிவு பிறகு வந்தது. ரோட்டாதான். அது என் சாவியில் வந்ததா, காய்கறியில் வந்ததா, கீழ்வீட்டுக் குழந்தைகளிடமிருந்து வந்ததா என்று நர்ஸிடம் கேட்டேன். குளிர்காலத்தில் அது எங்கே இல்லை என்று சொல், அங்கே இருந்து வரவில்லை என்று நான் சொல்கிறேன் என்றாள். ஆறுதலாகச் சொன்னாளா, எரிச்சலில் சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை. சாவியை அன்றிலிருந்து கழுவுகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குழந்தை கண்ணை மூடித் தூங்கியது. சாயங்காலம் மூத்திரம் போனது. சனிக்கிழமை காலை ஊசிக்காக நர்ஸ் காலைப் பிடித்ததும் அழுதது, சாதாரணமான, கோபமான அழுகை. கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கிக் காதுக்குள் போனது. நான் தூணுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தேன். குழந்தையின் அம்மா சுட்டுவிரலால் அந்த ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை. நான் மாடிப்படியில் சத்தம் போடாமல் ஏறி இறங்கினேன். பையைக் கட்டி வைத்துவிட்டேன். ஒரு ஊரை விட்டுப் போவது எனக்குப் பெரிய காரியம் இல்லை; லாரி கிடைத்தால் போதும். ஆனால் என் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பதினான்காம் நாள் என்று இருந்தது. அது வேறு யாருடைய வேலையும் இல்லை.

அன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கீழ்வீட்டு அம்மா கதவைச் சாத்தினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றேன். வாசனை இல்லை. சத்தமும் இல்லை. அந்த நேரத்தில் அந்த வீட்டில் ஹெட்போன் பேச்சு கேட்கும், குக்கர் கேட்கும், கிலுகிலுப்பை கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை.

தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் திறந்தாள். நான் எண்ணைச் சொன்னேன். தெரிந்த வீட்டில் எண்ணைச் சொல்வது அபத்தமாக இருந்தது, ஆனாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். காலி டப்பாவை நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

"இங்கயே நில்லுங்க" என்றாள். கதவைப் பாதி சாத்திவிட்டுப் போனாள்.

நின்றேன். பாதிக் கதவு வழியாக மேசையின் ஓரம் தெரிந்தது. மேசைமேல் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், கழுத்தோரம் சிவப்பு நெயில்பாலிஷில் ஒரு கோடு. அதன் பக்கத்தில் பிரிக்காத பெரிய பாக்கெட் ஒன்று. உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்கு மல்லாபூர்க் கதவு ஞாபகம் வந்தது. இவளும் முன்பே எடுத்து வைத்திருப்பாளோ? வார்டில் சொல்லியிருப்பார்களே, ஆள் வருவார் என்று. நேற்றுப் படியில் இறங்கும்போது குழந்தையின் சத்தம் கேட்டேனா? முந்தாநாள்? நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. சத்தம் போடாமல் ஏறி இறங்கியவன், மற்றவர்கள் சத்தத்தையும் கேட்காமல்தான் ஏறி இறங்கியிருக்கிறேன்.

அவள் வருவதற்கு நேரமாயிற்று. மிக அதிக நேரம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அவள் வந்தாள். டப்பாவைக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தாள்.

"தூங்கிட்டிருந்தா" என்றாள். "எழுப்ப மனசில்ல. அவளா முழிச்சுப் போறவரைக்கும் பாத்துட்டிருந்தேன்."

காகிதத்துக்கு உள்ளே டப்பா வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போது உள்ளே குழந்தை எதையோ கீழே தள்ளிவிட்டுக் கத்தியது. அவள் திரும்பி, "ஏட்டி, சும்மா கெட" என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினாள். நான் படியில் உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். டப்பா குளிர்வதற்குள் தேதியை எழுதினேன்.